முப்பது தப்படி தள்ளி நின்ற கடல்

கேப்டன் யாக்குமிஸ் ரலியாஸ் மீதான தீர்ப்பு தேவாலயப் படிக்கட்டில் வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் முகம் கழுவுவதற்காகத் துறைக்கு இறங்கியபோது, கடல் அவரிடமிருந்து முப்பது தப்படி பின்வாங்கியது. அவர் ஓரடி முன்னே வைத்தார். அது ஓரடி பின்னே போனது. கட்டியிருந்த நான்கு படகுகள் சேற்றில் சாய்ந்தன. ஒதுங்கிப்போன தண்ணீரோடு போகத் தெரியாத மடவை மீன்கள் சேற்றில் துள்ளின. பெண்கள் அவற்றை இடுப்புத் துணியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று அர்மிரா தீவில் மீன் வறுபடாத வீடு கேப்டனுடையது மட்டும்தான். அவர் கழுவாத முகத்தோடு அரைமணி நேரம் அங்கே நின்றுவிட்டு வீடு திரும்பினார். அவர் போன பிறகு கடல் மறுபடி தன் இடத்துக்கு வந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில், 1874இல், அவருடைய பாய்க்கப்பலான 'புனித மரீனா' தீவின் வடமுனையில், தேவாலய முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், வாடைக்காற்றில் சிக்கிப் பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பதினொரு பேர் போனார்கள். கேப்டன் மட்டும் நினைவில்லாமல் ஒரு பலகையின் மீது கரை ஒதுங்கினார். பட்டப்பகலில் நடந்தது, பதினொரு வீட்டுப் பெண்களும் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். நுரையும் சாரலும் மறைத்ததில் பாதிதான் தெரிந்தது. நங்கூரம் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நங்கூரமும் போட்டேன், சங்கிலி அறுந்தது என்றார் கேப்டன். சங்கிலி புத்தம் புதியது, அறுந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கப்பல் முதலாளி ஸ்பிலியோஸ் விவிலியத்தின் மேல் கைவைத்துச் சொன்னார். நங்கூரமே போடாமல், ஆட்களை அம்போவென்று விட்டுவிட்டு முதலில் குதித்தவர் என்று எழுதி, நீதிமன்றம் கேப்டனின் உரிமச் சீட்டைப் பறித்துக்கொண்டது. அதற்குப் பெரிதும் துணையாக இருந்தது பெண்களின் வாக்குமூலம். அதைச் சொல்லி எழுத வைத்தவள் கரூஃபலியா. கப்பலில் மாலுமிகளை வேலை வாங்கும் செராங்காக இருந்த லினார்தோஸின் மனைவி; ஊருக்கு ரொட்டி சுடுகிறவள்.

கடலின் நடத்தையை ஊர் ஒரு வாரம் பேசியது. பிறகு அதனால் வரும் இடைஞ்சலைப் பேசியது. கேப்டனின் வீடு துறையை ஒட்டி இருந்தது. அவர் சன்னலோரம் வந்தால் படகுகள் தரை தட்டின. மீனவர்கள் ஐந்து பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, கோபமில்லாமல் கேட்டார்கள். அவர் மறுவாரமே மேட்டின் உச்சியில், பழைய காவல் அறைக்குக் குடிபோனார். அங்கிருந்து கடல் நாலாபுறமும் தெரியும். எந்தப் புறமும் எட்டாது. கிணற்று நீருக்கும் மழைக்கும் அவரிடம் பிணக்கில்லை. உப்பு சேர்ந்த நீர்தான் ஒதுங்கியது. மனூஸோஸின் காப்பிக்கடையில் ஆலிவ் காய் ஊறும் பீப்பாயில் உப்புநீர் ஒரு பக்கமாக ஏறி நின்றால், கேப்டன் தெருமுனை திரும்பிவிட்டார் என்று அர்த்தம். "பீப்பாயப் பிடிங்கடா, கவுந்துடப் போவுது" என்பான் மனூஸோஸ். யாராவது எழுந்து போய்ப் பிடித்துக்கொள்வார்கள். கேப்டன் வாங்க வேண்டியதைச் சட்டென்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அவர் மனைவி மருஸோ மூன்றாண்டுகள் அந்த மேட்டில் இருந்தாள். அவள் தங்கை பக்கத்துத் தீவில் பிள்ளைப்பேற்றில் படுத்தபோது உதவிக்குப் போக வேண்டி வந்தது. கேப்டனால் எந்தப் படகிலும் ஏற முடியாது. ஏறினால் படகு தரையில் உட்கார்ந்துவிடும். வழியனுப்பக்கூடத் துறைக்கு வர முடியவில்லை. சற்றுத் தள்ளி, ஒதுக்குப்புறமான கரையில் நின்றார். முப்பது தப்படிச் சேற்றுக்கு அப்பால் படகு மிதந்தது.

"சாப்பாட்ட வேளைக்குச் சாப்பிடுங்க!" என்று அவள் கத்தினாள்.

"என்னது?"

"சாப்பாடு! சாப்பாடு!"

தங்கை ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தாள். மருஸோ அவர்களை வளர்க்க அங்கேயே தங்கிவிட்டாள். ஆண்டுக்கொரு முறை சீமைமாதுளம்பழ இனிப்பு ஒரு ஜாடி நிறைய அனுப்பிவைத்தாள். கேப்டன் அதை ஒரு நாளைக்கு ஒரு கரண்டி என்று வைத்துச் சாப்பிட்டார். அது ஏப்ரல் மாதத்தில் தீர்ந்துவிடும்.

மீதி நாட்களில் அவர் மனு எழுதினார். தலைநகரத்துக்கு ஒன்பது ஆண்டுகளில் நாற்பத்தொரு மனுக்கள். காற்று எந்தத் திசை, பாய் எத்தனை, எந்த நிமிடத்தில் எந்தக் கட்டளை என்று எழுதி எழுதி, அந்த ஒரு பிற்பகலை அவர் வாழ்ந்த எல்லா நாட்களையும்விடத் துல்லியமாக அறிந்துவைத்திருந்தார். இடப்பக்க நங்கூரத்தைத் தானே தள்ளிவிட்டது நன்றாக நினைவிருந்தது. வலப்பக்கத்தில் நின்ற லினார்தோஸுக்குக் கட்டளை கொடுத்ததும், அவன் காற்றுக்கு மேலாகக் குரலெடுத்து "போச்சு கேப்டன், போச்சு!" என்று கத்தியதும் காதில் இருந்தது. நங்கூரம் கடலில் இறங்கிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பாய்மரம் விழுந்தது. அதற்கும் பிறகு பலகையும் வானமும்.

அந்த மேட்டுக்கு வருகிற ஒரே ஆள் கரூஃபலியாதான். சனிக்கிழமைதோறும் கழுதையில் ரொட்டிக் கூடைகளை ஏற்றி அந்தப் பக்கத்து ஆட்டிடையர்களுக்குக் கொண்டுபோகும் வழியில், அவர் வாசலில் நின்று, காறித் துப்பிவிட்டுப் போவாள். வேறு யாரும் வராததால் சனிக்கிழமைகளில் அவர் முகம் மழித்துச் சட்டை மாற்றிக் காத்திருந்தார். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு வாரம் வராதபோது, யாரிடம் விசாரிப்பதென்று தெரியாமல் தவித்துப்போனார்.

நாற்பத்தொன்றாவது மனுவுக்கு ஒரு பதில் வந்தது. எந்த எழுத்தர் எழுதினாரோ, நான்கே வரி. சம்பந்தப்பட்ட சான்றுப் பொருட்கள் கடலடியில் இருப்பதாலும், அங்கு சென்று பார்வையிட ஒருவராலும் இயலாது என்பதாலும், வழக்கை மீண்டும் எடுக்க முகாந்திரமில்லை. கேப்டன் அதைக் காலையில் ஒரு முறை படித்தார். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடி இன்னொரு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது மெல்லுவதை நிறுத்தினார். கடல் தன்னைக் கைவிட்டது என்று ஒன்பது ஆண்டுகளாக ஒதுங்கியே வாழ்ந்த மனிதருக்கு, அது வழிவிட்டு நிற்கிறது என்றும் சொல்லலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் காப்பிக்கடைக்கு வந்தார். பீப்பாயைப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கம்போலச் சாமான் வாங்கிக்கொண்டு போகாமல், கடிதத்தை மேஜை மேல் வைத்தார்.

"சாட்சி கடலடியில கெடக்குன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நான் எறங்கிப் பாக்கப் போறேன். கூட ஒருத்தர் வேணும். நான் மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா எவன் நம்புவான்?"

எல்லோரும் துறைமுக அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் முழங்காலைத் தடவினார். "எனக்கு வாதம். ஈரம் ஆகாது."

"ஈரமே இருக்காதுங்க. நான் போற எடம் காஞ்சிடும்."

"தூசியும் ஆகாது."

சிரித்தார்கள். கேப்டன் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். வாசலில் ரொட்டிக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த கரூஃபலியா நிமிராமலே சொன்னாள்: "நான் வர்றேன்."

"ஒனக்கென்ன பைத்தியமாம்மா?" என்றான் மனூஸோஸ். "நடுக்கடல்ல ஒன்ன விட்டுட்டு ஓடிட்டான்னா?"

"எங்க வீட்டு ஆளு ஒருத்தர ஏற்கெனவே விட்டுட்டு ஓடுனவன்தானே. ரெண்டாவது தடவையும் செய்யறானான்னு பாத்துடறேன்." பிறகு கேப்டனைப் பார்த்தாள். ஒன்பது ஆண்டுகளில் துப்பாமல் பார்த்தது அதுதான் முதல்முறை. "திங்கக்கெழம அடுப்பு இல்ல. காலையில வா. பொய்யின்னு தெரிஞ்சா ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுவேன்."

திங்கட்கிழமை காற்றில்லாத செப்டம்பர் காலை. அவள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் கட்டி எடுத்து வந்தாள். அவர் கோடாரியும் ஒரு மாலுமிப் பையும் எடுத்து வந்தார். வடமுனையில் அவர் இறங்க, கடல் விலகியது. அவள் பின்னால் இறங்கினாள். தீவு முழுதும் தேவாலய முற்றத்தில் கூடி, கடலில் வட்டமான ஒரு குழி மெதுவாக நகர்ந்துபோவதைப் பார்த்தது. குழி போகும் வழியில் தூண்டில் போட்டிருந்த படகுக்காரன் அவசரமாகத் துடுப்பை வலித்து ஒதுங்கினான்.

இருபது ஆள் ஆழம் வரை தரை படிப்படியாகச் சரிந்தது. இரண்டு பக்கமும் நீர் சுவராக எழுந்து நின்றது. மேலே வானம் வரவர ஒரு தட்டு அளவுக்குச் சிறுத்தது. சுவருக்குள் மீன்கள் வந்து நின்று, அவர்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயின. தரையில் பாசி வழுக்கியது. கேப்டன் கை நீட்டினார். அவள் கையைப் பிடிக்காமல் அவர் கோட்டின் வாலைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"பின்ன இருக்காதா? ஒன்ன நம்பியில்ல வந்திருக்கேன்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். "மெதுவாப் போ, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி ஓடறே" என்றாள் ஒரு தரம். அவர் மெதுவாக நடந்தார். ஒன்பது ஆண்டுகளில் ஒரு மனிதரோடு அவர் இவ்வளவு நேரம் சேர்ந்து நடந்ததில்லை. அதனால் கப்பல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நொடி நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார்.

'புனித மரீனா' இடப்பக்கம் சாய்ந்து மணலில் படுத்திருந்தாள். முதலில் முன்புறத்தின் இடப்பக்கத்தைப் பார்த்தார்கள். நங்கூரம் அங்கே இல்லை. கப்பல் பக்கவாட்டின் சங்கிலித் துளை வழியே சங்கிலி வெளியே வந்து, பத்தடி போய், நின்றுவிட்டிருந்தது. அவர்கள் அது காட்டிய திசையில் வடக்கே நூறு தப்படி நடந்தார்கள். அங்கே பாறை வெடிப்பில் ஒரு கொம்பைச் செருகிக்கொண்டு, கேப்டன் போட்ட இடத்தில், நங்கூரம் இருந்தது. அதில் மாட்டியிருந்த சங்கிலியின் கடைசி வளையம் வாய் பிளந்திருந்தது. கேப்டன் கோடாரியின் முதுகால் அதன் துருவைத் தட்டி உதிர்த்தார். வார்க்கும்போதே உள்ளே பொந்து விழுந்த வளையம். பொந்தில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, மேலே கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள்.

கரூஃபலியா விரலை அந்தப் பொந்துக்குள் விட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் முதல் கணு வரை போனது. அவள் ரொட்டி சுடுகிறவள். மேலே பொன்னிறமாக வெந்து உள்ளே வேகாத ரொட்டியை ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள்.

"புதுச் சங்கிலின்னு பைபிள்ல கைய வெச்சு சொன்னான் அந்த ஸ்பிலியோஸ்" என்றாள். "என் வீட்டு அடுப்புலதான் அவன் வீட்டு ரொட்டியும் வேகுது."

பிறகு, அவரைப் பார்க்காமல், "நீங்க நங்கூரம் போட்டிருக்கீங்க" என்றாள்.

அவர் 'நீங்க' என்பதைக் கவனித்தார்.

வளையத்தை அறுத்து எடுத்துக்கொண்டு அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் இரண்டு நங்கூரம் என்று மனுவில் எழுதியிருந்ததால் கேப்டன் வலப்பக்கத்தையும் பார்க்கப் போனார். வலப்பக்க நங்கூரம் கப்பலின் முகப்பிலேயே கட்டியபடி இருந்தது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது லினார்தோஸ் நின்ற இடம். கரூஃபலியாவின் முகம் ரொட்டி மாவு போல வெளுத்தது. "அவரு போடல" என்றாள். "நான் ஒங்க வாசல்ல ஒன்பது வருஷம் துப்பினேன். அவரு போடவே இல்ல."

"போச்சுன்னு கத்துனான். என் காதால கேட்டேன்."

கேப்டன் சாய்ந்த பலகைகளில் கால் வைத்து மேலே ஏறினார். கிட்டத்தில் போனபோதுதான் தெரிந்தது. நங்கூரத்தை இறுக்கியிருந்த தார்க்கயிறு ஐந்து சுற்று. மூன்று சுற்று அறுபட்டிருந்தது. நான்காவதில், பாதி அறுத்த நிலையில், கத்தி செருகி நின்றது. கைப்பிடியில் லினார்தோஸ் எப்போதும் சுற்றிவைக்கும் செம்புக்கம்பி பச்சை பூத்திருந்தது. கேப்டன் அவளைக் கைகொடுத்து மேலே தூக்கினார். இம்முறை அவள் கையைப் பிடித்தாள்.

அவள் கத்தியைத் தொட்டாள். இழுத்தாள். வரவில்லை. "அவரு சொன்னது வேற போச்சு, கேப்டன்" என்றாள். "ஒங்க பக்கத்துச் சங்கிலி அறுந்துட்டுதுன்னு ஒங்களுக்குச் சொல்லியிருக்காரு. சொல்லிட்டு இத அறுத்துக்கிட்டே இருந்திருக்காரு."

அந்த ஒரு சொல்லை ஒன்பது ஆண்டுகளாகத் தப்பாகக் கேட்டுவந்திருக்கிறோம் என்று கேப்டனுக்குப் புரிந்தது. சங்கிலி போனது அப்போதே தெரிந்திருந்தால் வலப்பக்கம் ஓடியிருப்பார்; இரண்டு பேராக அறுத்திருப்பார்கள். அறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. அவர் கோடாரியை எடுத்தார்.

"ரெண்டும் போட்டேன்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். "இது இப்படியே இருந்தா, ஒண்ணு நான் பொய்யன், இல்லேன்னா அவன் வேலைக்கு ஆகாதவன்னு எழுதுவாங்க. மிச்சத்த வெட்டி விட்டுடறேன். நங்கூரம் மணல்ல கெடக்கட்டும். நீங்களும் நானும் மட்டும் தெரிஞ்சு வெச்சுக்குவோம்."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவு பிசைகிற கை. "வெக்காதீங்க அதுல கைய. அவரு பாதி பண்ணி வெச்ச வேல அது. பாத்தத அப்படியே சொல்லுவோம். அவங்க என்ன வேணா எழுதிக்கட்டும்."

கோடாரி தாழ்ந்தது. அவள் இறங்கி, அந்த முகப்புக்குக் கீழே மணலில் உட்கார்ந்தாள். எலும்போ துணியோ எதுவும் இல்லை. கடல் எல்லாவற்றையும் துப்புரவாக்கி வைத்திருந்தது. "கொஞ்சம் தனியா விடுங்க என்ன" என்றாள். அது முடியாது என்பது அவளுக்கே உடனே நினைவு வந்தது. அவர் முப்பது தப்படிக்கு மேல் போனால் அவள் மேல் தண்ணீர் வந்துவிடும். கேப்டன் நீர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் ஒரு பெண் ஒன்பது ஆண்டு அழுகையை அழுது தீர்க்கும் வரை, ஒரு பெரிய கணவாய் சுவருக்குள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாக்குமூலம் அப்படியே எழுதப்பட்டது: வளையம், ஈயம், ஐந்து சுற்று, மூன்று அறுபட்டது, நான்காவதில் கத்தி. முன்பு குற்றம் சொன்ன பெண்ணே கைரேகை வைத்திருந்ததால் தலைநகரத்தில் அதை ஒதுக்க முடியவில்லை. ஸ்பிலியோஸ் வீட்டு ரொட்டியைக் கரூஃபலியா சுட மறுத்தாள். மறுமாதம் அந்தக் குடும்பம் வேறு தீவுக்குக் குடிபெயர்ந்தது. புதிய தீர்ப்பு வர இரண்டாண்டுகள் ஆயின. அதே தேவாலயப் படிக்கட்டில் வாசித்தார்கள். கேப்டன் குற்றமற்றவர், எக்கடலிலும் எக்கலத்தையும் செலுத்தும் உரிமை அவருக்கு மீண்டும் அளிக்கப்படுகிறது. மனூஸோஸ் அவர் தோளைத் தட்டினான். துறைமுக அதிகாரி கைகுலுக்கினார். எல்லோரும் பின்தொடர, கேப்டன் முத்திரை குத்திய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைக்கு இறங்கினார். கடல் முப்பது தப்படி பின்வாங்கியது.

பெண்கள் குனிந்து மடவை மீன்களைப் பொறுக்கினார்கள். இந்த முறை கேப்டனுக்கும் இரண்டு கொடுத்தார்கள். மருஸோவுக்கு எழுதினார். முழங்கால் வலியில் படகேற முடியவில்லை, சேதி கேட்டுச் சந்தோஷம் என்று பதில் வந்தது. அவ்வாண்டு இரண்டு ஜாடி இனிப்பு அனுப்பினாள். அவர் மேட்டு அறையிலேயே இருந்தார். துறையில் யாருடைய பொருளாவது விழுந்தால் கூப்பிட்டார்கள். போய் எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் கழுதை வாசலில் நிற்கும். கரூஃபலியா ஒரு ரொட்டியைச் சுவரில் வைத்துவிட்டு, "வேக்காடு பத்தல இன்னிக்கு, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். சனிக்கிழமைகளில் முகம் மழிப்பதை அவர் நிறுத்தவில்லை.

இறந்தவர்களை நினைக்கும் நோன்புக்காலச் சனிக்கிழமையன்று, பதினொரு வீட்டுப் பெண்களும் மாதுளை முத்து தூவிய அவித்த கோதுமைத் தட்டுகளோடு அவர் பின்னால் கப்பலுக்கு இறங்கிப் போவது அடுத்த ஆண்டு தொடங்கியது. பாதிரியார் கலினிகோஸ் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்குவதைப் பற்றி முணுமுணுத்தபடி நடுவில் வந்தார். பெண்கள் அவரவர் ஆள் நின்றிருக்கக்கூடிய இடத்தைத் தேடிப் பிரிந்தார்கள். கேப்டனால் மட்டும் எங்கும் போக முடியாது. அவர் அசைந்தால் ஏதோ ஒரு பெண்ணின் மேல் கடல் வரும். பெரிய பாய்மரத்தின் அடியில், எல்லோருக்கும் முதுகு காட்டி, ஒரு மணி நேரம் நின்றார். வயதான மனிதரை நிற்க வைக்கிறோமே என்று மறுவருடம் ஒரு நாற்காலியைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் சுமப்பானேன் என்று அதை அங்கேயே விட்டு, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனார்கள். நான்காம் ஆண்டு அதன் கால் ஆடியது. தச்சன் கூட வந்து ஆப்பு அடித்துக் கொடுத்தான்.

ஐந்தாம் ஆண்டு, பாதிரியார் பெண்கள் கொடுத்த சீட்டுகளை வாங்கி, முதலில் இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார். பதினொரு பெயர். நீர்ச்சுவர்கள் அசையாமல் நின்றன. பிறகு கரூஃபலியாவின் சீட்டைத் திருப்பி, நலம் வேண்டி மறுபுறம் எழுதியிருந்த, வீட்டில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைப் படித்தார்: மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் மூவர், யாக்குமிஸ்.

கேப்டன் நாற்காலியில் திரும்பினார். பாதிரியார் தலையை உயர்த்தவில்லை. அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பெண்கள் மற்றப் பெயர்களுக்குப் போட்டதுபோலவே அந்தப் பெயருக்கும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கரூஃபலியா ஒரு கை கோதுமையை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். வீட்டில் பிசைந்து வைத்த மாவு புளித்துப் பொங்கிவிடும் என்று அவள் அவசரப்படுத்தியதால், அவர் அதை நடந்துகொண்டே தின்றார்.